பருக்கை இல்லாத வடிகட்டி

பாலக்காட்டுக் கல்பாத்தியில் வெங்கிடாசலத்தின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் விரலை நீட்டிக் காட்டிவிட்டு நகர மாட்டார்கள். கூடவே வாசல்வரை வந்து, வந்ததுதான் வந்தோம் என்று உள்ளேயும் நுழைந்து, தங்கள் வீட்டு ரேடியோ கொஞ்ச நாளாக இருமுகிறது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வாளையாரைத் தாண்டி ஒரு சிமென்ட் ஆலையில் மோட்டார்களைப் பழுது பார்க்கும் ஃபோர்மன் அவர். விடிந்தும் விடியாததுமாக பஸ் ஏறிப் போய், பகலெல்லாம் ஆலை மோட்டார்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் சிமென்ட் தூசியோடு திரும்பினால் ஊர் மோட்டார்கள் வீட்டில் காத்திருக்கும். சலிப்பே கிடையாது மனுஷனுக்கு. ஸ்விட்சைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அவர் கணிப்பு தப்பியதே இல்லை என்பார்கள் ஊரார். தப்பியது ஒரே ஒரு தடவை. அது அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

அவருடைய மனைவி பட்டு. நியாயமாகப் பார்த்தால் கல்பாத்தியில் இவரைவிட அவளுக்குத்தான் பேர் பெரிது. கைமுறுக்கு சுற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அரிசி மாவைக் கொஞ்சமாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டே வட்டம் வட்டமாகத் துணியின்மேல் விட்டுக்கொண்டு போவாள். பேச்சு ஒரு பக்கம் நடக்கும்; விரல்கள் தம்பாட்டுக்குச் சுற்றும். ஒரு முறுக்கு இன்னொன்றைவிட இம்மி பெரிதாக இருக்காது. கல்யாணம் நிச்சயமான வீட்டில் முகூர்த்தம் பார்த்த கையோடு பட்டுவையும் வந்து பார்த்துவிடுவார்கள். அவள் சுற்றிய சீர் முறுக்கைச் சம்பந்தி வீட்டில் உடைக்க மனசு வராமல் நாலு நாள் வைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு கதையே உண்டு. அந்தக் கதையை யாராவது சொன்னால் அவள் வெட்கத்தோடு, "போருமே, முறுக்கு திங்கறதுக்காக்கும்" என்பாள். சொன்னவர்கள் போன பிறகு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கையில்தான் கரப்பான் புண் வந்தது. மாமனார், இரண்டு மைத்துனர்கள், மூன்று குழந்தைகள், இவர்கள் இருவர் என்று எட்டுப் பேர் சாப்பிடுகிற வீடு. பாத்திரம் தேய்த்து ஓயாது. புளியும் சாம்பலும் ஈரமுமாகக் கிடந்து விரலிடுக்குகள் வெடித்தன. நகக்கண்கள் சிவந்து வீங்கின. ரசம் சாதம் பிசைந்தால் எரிச்சல் தாங்காமல் கண்ணில் நீர் வந்துவிடும். பாலக்காட்டு டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மருந்து எழுதினார். "மருந்து ரெண்டாவது. வெள்ளத்தில, தண்ணியில கை போடப்படாது, கேட்டோ. பாத்திரம் தேய்க்கவே படாது. அது நிறுத்தினா தன்னால மாறும்" என்றார்.

பட்டு அன்று ராத்திரியே ஒரு வழி சொன்னாள். அடுத்த வீட்டு அகிலாண்டத்தின் ஆத்தில் சின்னத்தாயி என்ற பெண் பாத்திரம் தேய்க்க வருகிறாள். நல்ல கை. அவளையே இங்கேயும் வரச் சொல்லலாம்.

"கிணத்தடியில தேய்ச்சுக் கவுத்துட்டுப் போட்டும். நேக்கு எரிச்சல் இல்லாம இருந்தா போரும்" என்றாள்.

வெங்கிடாசலத்துக்கு அது பிடிக்கவில்லை. வேலைக்காரி என்றால் இன்றைக்கு வருவாள், நாளைக்கு வேலை என்பாள், மறுநாள் ஜுரம் என்பாள். ஆள் நின்றால் வேலையும் நின்றுவிடும் என்பது ஆலையில் அவர் கற்ற பாடம். அதற்கு வேறு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பொறு என்றார். அவள் பொறுத்தாள். சின்னத்தாயியைக் கூப்பிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் பார்த்து வைத்திருந்தது கோயம்புத்தூரில் இருந்தது. ஒரு மில்லுக்குத் தறி மாட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார், வீட்டுச் சாமானையெல்லாம் விற்கிறார், அதில் பாத்திரம் கழுவும் மிஷின் ஒன்றும் இருக்கிறது என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. லீவு போட்டுவிட்டுப் போய் அதைப் பார்த்தவர், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை எனாமல் பூசிய இரும்புப் பெட்டி. கதவைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துத் திறந்தால் உள்ளே கம்பித் தட்டுகள், அடியில் தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றி அடிக்கும் இரும்புக் கை, தண்ணீரைத் தானே சுட வைத்துக்கொள்ளும், தானே வடித்துவிடும். எழுபத்து மூன்றாம் வருஷத்தில், பாலக்காடு ஜில்லாவில் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சூசையப்பனின் லாரியில் அதை ஏற்றிக்கொண்டு வந்தபோது வாளையார் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். படுதாவைத் தூக்கிப் பார்த்த உத்தியோகஸ்தர், "எந்தாணு இது? அலமாரியோ?" என்றார்.

"இல்லீங்க சார். பாத்திரங் கழுவற பொட்டிங்களாமா" என்றான் சூசையப்பன். அவனுக்கே நம்பிக்கையில்லை.

உத்தியோகஸ்தர் முன்பக்கம் உட்கார்ந்திருந்த வெங்கிடாசலத்தை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டில பெண்ணுங்கள் இல்லையோ?"

"இருக்கா சார். அவளுக்காகத்தான்" என்றார் வெங்கிடாசலம். அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு விம்மியது. பொய்யும் இல்லை. அவளுக்காகத்தான் வாங்கினார். இந்தக் கதையில் மனசைப் பிசைகிற விஷயமே அதுதான்.

கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், கிணற்றடியை ஒட்டி மிஷினுக்கு இடம் ஒதுக்கினார். குழாய் இழுத்து, தனி ஃப்யூஸ் போட்டு, சிமென்ட் மேடை கட்டி அதை நிறுத்திவிட்டு, வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு வேடிக்கை காட்டினார். "இனிமே நீ பாத்திரத்தை உள்ளே அடுக்கி வைச்சா போரும் பட்டு. எச்சில் தட்டு, குழம்புப் பாத்திரம், பால் பாத்திரம் எல்லாத்தையும் ஒண்ணா வை. மிச்சத்தை அது பார்த்துக்கும்."

பட்டு அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் சோறும் குழம்பும் பட்ட பாத்திரத்தைப் பத்து என்று ஒதுக்குவார்கள். அதைத் தொட்ட கையைக் கழுவாமல் பாலையோ தயிரையோ தொடக்கூடாது. சாப்பிட்ட தட்டு எச்சில். அது சமையல் பாத்திரத்தின் பக்கமே வரக்கூடாது. பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த வழக்கம். மூச்சு விடுவதைப்போல அவளுக்கு அது யோசிக்காமல் வருவது.

"எச்சிலும் பத்தும் பாலும் ஒரே ஜலத்துல குளிக்கறதா?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

வெங்கிடாசலம் வாய்விட்டுச் சிரித்தார். "ஜெர்மன் வெந்நீர்டீ! அதுக்குத் தோஷமே கிடையாது." அவருடைய தம்பிகளும் சிரித்தார்கள். குழந்தைகள் ஏன் என்று தெரியாமலேயே சிரித்தார்கள். பட்டுவும் லேசாகச் சிரித்து வைத்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து வெங்கிடாசலத்தின் சாயங்காலங்கள் மிஷினுக்கு என்று ஆயின. ஆலையிலிருந்து வந்து குளித்து, காபி குடித்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வருவார். பகல் முழுக்கச் சேர்ந்த பாத்திரங்களைப் பட்டு உள்ளே அடுக்கி வைத்திருப்பாள். அவர் கதவைச் சாத்தி ஸ்விட்சைப் போடுவார். பக்கத்தில் ஒரு முக்காலி.

லேசில் அது படியவில்லை. முதல் வாரம் துணி துவைக்கும் சோப்புப் பவுடரைப் போட்டார். நுரை பொங்கிக் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, தாழ்வாரம் தாண்டி, கிணற்றடி வரைக்கும் போயிற்று. குழந்தைகளுக்கு ஒரே குதூகலம். அப்புறம் சோடாக் காரத்தைக் கொஞ்சமாகப் போட்டுப் பழக்கினார். எவர்சில்வர் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அது. அதை மட்டுப்படுத்த மிஷினுக்குள் உப்புக்கென்றே ஒரு கிண்ணம் உண்டு. கடையில் கிடைக்கிற கல்லுப்பில் மண்ணும் கசடும் இருக்குமே. அதைத் தண்ணீரில் கரைத்து, வேஷ்டித் துணியில் வடிகட்டி, மறுபடி காய்ச்சி, வெளுத்த உப்பாக எடுத்துப் போட்டார். சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும்; தண்ணீர் சூடேறாமல் மிஷின் மாட்டைப்போல நின்றுவிடும். அதற்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றினார். கதவின் ரப்பர் இற்றுப்போனபோது சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். சுழலும் கையின் துவாரங்களில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டால் விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுப்பார். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி மாதத்துக்கு ஒருமுறை வெறுமனே ஓட விடுவார். உள்ளே பளபளவென்று ஆகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே வடிகட்டி. மிஷினின் அடியில் சல்லடைக் கிண்ணம்போல் இருக்கும். பாத்திரத்திலிருந்து கழுவப்படும் சோறும் கறியும் பம்ப்புக்குள் போகாமல் அதில்தான் தங்க வேண்டும். தினமும் எடுத்துக் கழுவாவிட்டால் மிஷின் போச்சு என்று ஜெர்மன்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வெங்கிடாசலம் தவறாமல் எடுத்துப் பார்ப்பார். அதில் ஒன்றுமே இருக்காது. அவருடைய பராமரிப்புக்கு அதைவிடப் பெரிய நற்சாட்சி வேண்டுமா? மிஷினைப் பார்க்க வருகிறவர்களிடம் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார்.

"ஒரு பருக்கை உண்டோ பாருங்கோ. ஜெர்மன்காரன்கிட்டகூட இப்படி இருந்திருக்காது."

வந்தவர்கள் வியந்துவிட்டுப் போவார்கள். ஆலையில் ஒரு இயந்திரத்தில் அழுக்கே சேரவில்லை என்றால், அது ஓடவே இல்லையோ என்று முதலில் சந்தேகப்படுகிற ஆள் அவர். வீட்டில் அந்தச் சந்தேகம் அவருக்கு வரவே இல்லை.

பட்டுவின் கை ஆறவில்லை. ஒரு மாதம் கொஞ்சம் தேவலை என்றிருக்கும். மறுமாதம் பழையபடி வெடிக்கும். வெங்கிடாசலத்துக்கு இது புரியவே இல்லை. துணி வெளுக்கப் போகிறது, பாத்திரத்துக்கு மிஷின் இருக்கிறது, பின்னே ஏன்? களிம்பை மாற்றினார்கள், டாக்டரை மாற்றினார்கள், ஆயுர்வேதமும் பார்த்தார்கள். வம்சத்து ரத்தம் அப்படி என்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டால் பட்டு தட்டாமல் போனாள். முறுக்குச் சுற்றும்போது வெடிப்பில் உப்பு மாவு பட்டு எரியும்; பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவாள். அந்த ஒன்றை மட்டும் அவள் விட மாட்டேன் என்றாள்.

இப்படியே மூன்று வருஷம் போயிற்று. அந்த ஆடி மழையில் ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி வந்தது. எலுமிச்சம்பழத்தைச் சொருகி வைத்துப் பார்த்தார்கள். விரல் நீலம் பாரித்து, குளிர்ஜுரமும் வந்த பிறகு கோயம்புத்தூருக்குக் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் கையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏனுங்க, அம்மா கை எந்நேரமும் தண்ணியிலயே கெடந்த மாதிரி இருக்குதுங்களே? பாத்திரமெல்லாம் இவங்கதான் வெளக்கறாங்களா?"

"பாத்திரமா!" வெங்கிடாசலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாத்திரத்துல இவ கை பட்டு மூணு வருஷம் ஆறது டாக்டர். ஆத்துல மிஷின் இருக்கு. ஜெர்மன் மிஷின். நானே தெனம் பார்த்துக்கறேன்." சுழலும் கை, வெந்நீர், வடிகட்டி என்று கொஞ்ச நேரம் விளக்கினார். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, பட்டுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டு தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள்.

சீழ் எலும்பு வரைக்கும் போய்விட்டிருந்தது. கையைக் காப்பாற்ற விரலை எடுக்க வேண்டியதாயிற்று. வலது கை ஆள்காட்டி விரல், நடுக்கணுவுக்கு மேலே. மயக்கம் தெளிந்து கட்டைப் பார்த்தவள் அழவில்லை. "இனிமே முறுக்குக்கு அகிலாண்டத்தைக் கூப்பிடச் சொல்லுங்கோ" என்றாள், அவ்வளவுதான். வெங்கிடாசலம் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு வந்தார்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா சேஷம்மாள் வந்தாள். பம்பாயில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவள். பத்தாவது எச்சிலாவது, அதற்கெல்லாம் அவளுக்குப் பொறுமை கிடையாது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் தட்டு, வாணலி, குழம்புக் கற்சட்டி, பால் பாத்திரம் எல்லாவற்றையும் அப்படியே மிஷினுக்குள் அடுக்கிவிட்டாள். சாயங்காலம் வெங்கிடாசலம் வழக்கம்போல ஸ்விட்சைப் போட்டார்.

பம்ப்பின் சத்தம் மாறியது. திணறியது. கதவிடுக்கு வழியாக அழுக்குத் தண்ணீர் வடிந்து தாழ்வாரம் நனைந்தது. பதறிப்போய் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார். வடிகட்டியைக் கழற்றி எடுத்தால், சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்த் துருவல், கடுகு என்று கிண்ணம் வழிய நிறைந்திருந்தது. மிஷின் வந்த நாளிலிருந்து அவர் பார்த்திராத காட்சி.

"என்ன அக்கா பண்ணி வைச்சிருக்கே!" என்று கத்தினார். "பட்டு இத்தனை வருஷமா அடுக்கினாளே, ஒரு நாளாவது இப்படி ஆச்சா?"

சேஷம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நன்னாயிருக்கே வெங்கிடு! எச்சப் பாத்திரத்தைத் தேய்க்கத்தானே மிஷின்? தேய்ச்சு வைச்ச பாத்திரத்தை எதுக்குடா அதுல கொண்டு போடணும்?"

அவர் கையிலிருந்த வடிகட்டியைப் பார்த்தார். காலையில் சாப்பிட்ட தட்டுகள். சாயங்காலம் அவர் வரும்போது அவற்றில் ஒரு நாளும் ஒரு காய்ந்த பருக்கையோ ஒரு வாடையோ இருந்ததில்லை. மூன்று வருஷம் ஸ்விட்சைப் போட்டவர் அதைப் பார்க்கவே இல்லை. வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே கிணற்றடிக்குப் போய், சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற அகிலாண்டத்தைக் கேட்டார்.

"அகிலாண்டம், பட்டு இங்கே பாத்திரம் தேய்ப்பளோ?"

அகிலாண்டம் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "பின்னே? நீங்க பஸ்ஸுக்குப் போனதும் ராத்திரிப் பாத்திரத்தோட வந்து ஒக்காருவா. மத்தியானம் ஒரு தடவை. எச்சில் தனி, பத்து தனி, பால் தனி. எல்லாத்தையும் புளி போட்டுத் தேய்ச்சு அலம்பிட்டுத்தான் உள்ளே அடுக்குவா. மிஷின்லேந்து எடுத்தப்புறம் மறுபடியும் ஒரு ஜலம் விடுவா. ஒங்களுக்குத் தெரியாதோ?"

எல்லோருக்கும் தெரியும். அப்பா பார்த்திருக்கிறார், தம்பிகள் பார்த்திருக்கிறார்கள், குழந்தைகள் அந்தக் கிணற்றடியிலேயே விளையாடியிருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை பாத்திரம் தேய்ப்பதை யார் ஒரு சேதியாகச் சொல்லப் போகிறார்கள்? மிஷின் வருவதற்கு முன் ஒரு தடவை தேய்த்தாள். அது வந்த பிறகு அவள் வேலை இரட்டிப்பாயிற்று.

மறுநாள் ஆலைக்குப் போகாமல் கோயம்புத்தூருக்குப் போனார். பட்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"பாத்திரத்தையெல்லாம் தேய்ச்சுட்டாக்கும் நீ மிஷின்ல வைச்சுண்டிருந்தே?"

பட்டு நிமிர்ந்து பார்த்தாள். "யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? ஏன் பட்டு நேக்குச் சொல்லலை?"

"சொன்னேனே. அது வந்த அன்னிக்கே சொன்னேன். நீங்க சிரிச்சேள்."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை அது. நடந்ததைச் சொல்லுகிற குரல். அவருக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"மறுபடியும் ஒரு தடவை சொல்லியிருக்கப்படாதோ? சின்னத்தாயியை வைச்சிருப்பேனே. அந்த எழவெடுத்த பெட்டியைத் தூக்கிப் புழை ஜலத்துல போட்டிருப்பேனே!"

"எப்படிச் சொல்றது?" என்றாள் பட்டு. "கல்யாணம் ஆன நாள்லேந்து ஊர்ல உள்ளவா சாமானையெல்லாம் ரிப்பேர் பண்ணிப் பண்ணிக் குடுத்திருக்கேள். நேக்குன்னு ஒண்ணு வாங்கிண்டு வந்தது அதாக்கும். ஆலைலேந்து களைச்சுப்போய் வந்து, முக்காலியைப் போட்டுண்டு, அதைத் தொடைச்சுண்டு ஒக்காந்திருப்பேள். நான் அடுக்களை வாசல்லேந்து பார்த்துண்டே நிப்பேன். நமக்காகன்னு ஒருத்தர் இத்தனை பாடு படறாரேன்னு மனசு நெறைஞ்சு போகும். அதைப் போய் வேண்டாம்னு சொல்லத் தோணுமோ?" கைக்கட்டைப் பார்த்தபடி, "விரல் போகும்னு நினைக்கலை. எரிச்சல்தானேன்னு இருந்துட்டேன்" என்றாள்.

வெங்கிடாசலம் அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனார். மணிக்கட்டு வரைக்கும் கட்டு. அதற்கு மேலேயும் தோல் சிவந்து வெடித்திருந்தது. எந்த இடத்தில் தொட்டால் அவளுக்கு வலிக்காது என்று தெரியாமல், நீட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.